6டி16 ஆ, 6எச்கே1 ஆ? பழைய லொறி எஞ்சின் வாங்குமுன்

கையில் காசு குறைவென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் மிட்சுபிஷி 6டி16ஐத் தேடுங்கள். 7.5 லீற்றர், மெக்கானிக்கல் இன்லைன் டீசல் பம்ப். வயரிங் தொல்லை இல்லை. பம்ப் பழுதானாலும் சாதாரண டீசல் கராஜிலேயே கழற்றிச் செய்யலாம்.

இசுசு 6எச்கே1 (7.8 லீற்றர், டர்போ) பாரத்தோடு மேட்டில் நன்றாக இழுக்கும். ஆனால் கொமன் ரெயில் வகையென்றால் (டீசல் பாய்ச்சுவதைக் கணினி கட்டுப்படுத்தும் வகை) ஈசியூ எனும் அந்தக் கணினி, முழு வயரிங் ஹார்னஸ், அக்சிலரேட்டர் பெடல் மூன்றும் கூடவே வராவிட்டால் தொடவே வேண்டாம். தண்ணீர் கலந்த டீசல் போனால் ஆறு இன்ஜெக்டரும் அடிபடலாம். மிச்சம்பிடித்த காசு அதற்கே போய்விடும்.

எதுவானாலும் ஆறிய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் (வழமைதான்) மறுநாள் காலை போங்கள். ஐடிலில் ஒயில் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் லைனரோ தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் காஸ்கெட் சந்தேகம். டர்போ இருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் தண்டைப் பிடித்து முன்பின் இழுங்கள். கையில் அசைவு தெரியக்கூடாது.

மாற்றிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பற்றுச்சீட்டோடு சுங்கப் பத்திரப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். இலக்கம் சுரண்டியிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.