38,600 ராண்ட் போனது: "இரண்டு மருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம்" என்றவர்களிடம் ஏமாந்தேன்

கை இன்னும் நடுங்குகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த மையத்தின் வரவேற்பறைப் பெண் "இதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்கிறார் வீட்டுக்காரர். ஆறினால் எழுத மாட்டேன். அதோடு வரும் ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் சாட்ஸ்வர்த்தில் ஒரு ஹாலில் மறுபடி இலவசச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். நம் கோவில் வாட்ஸ்அப் குழுவில் அந்த நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இன்று இரவே எழுதிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில், "ஃபங்ஷனல் மெடிசின்" என்று பலகை மாட்டிய ஒரு தனியார் மையம். அவ்வளவுதான் சொல்ல முடியும். போனது 38,600 ராண்ட். மகள் மெட்ரிக் முடித்திருக்கிறாள், இந்த மாதம் பல்கலைக்கழகத்தில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

எனக்கு 2014இலிருந்து ஹாஷிமோட்டோ. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும் நோய். தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு ஹார்மோன் மாத்திரை, எல்ட்ராக்ஸின் 100 மைக்ரோகிராம். தைராய்டு குறைபாடு, மெடிக்கல் எய்ட் (இங்கே மருத்துவக் காப்பீடு மாதிரி) சட்டப்படி பணம் தந்தே ஆகவேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மாத்திரைக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கும் என் கையிலிருந்து பெரிதாகப் போனதில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க ஓயாத அசதி. மதியம் மூன்று மணிக்கு அலுவலக மேசையில் தலை சாயும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கும் எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "டி.எஸ்.எச். சரியாகத்தானே இருக்கிறது" என்பார். டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இது இறங்கும். பத்து நிமிஷம், அடுத்த நோயாளி. யாரும் என்னைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்கிற வருத்தம் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில், ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு ஆன்ட்டி சொன்னார். "அவங்க உன் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டாங்கம்மா. உன் டாக்டரோட சேர்ந்துதான் பார்ப்பாங்க. ஒரு தடவை போய்ப் பாரு." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பணம் கட்டியவர்தான்.

"மாத்திரையை விடு, கஷாயத்தைக் குடி" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அலோபதியும் வேண்டும், கூடவே சாப்பாடு, தூக்கம், மன அழுத்தம், குடல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நோயின் வேரைத் தேடவேண்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? இன்றும் அந்த எண்ணத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எதிரே இருந்த பெண்மணி கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், சுவரில் வெளிநாட்டுச் சான்றிதழ்கள். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். மகள் பிறந்தபோது எப்படி இருந்தது, அம்மா எதனால் இறந்தார், ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, ஊரை விட்டு வந்தபோது எத்தனை வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டேன். எழுந்து வந்து தோளில் கை வைத்து, "உங்களை இதுவரை யாருமே முழுசாகப் பார்க்கவில்லை" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என் கழுத்துச் சங்கிலியைக் கேட்டிருந்தால்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பேன். உங்கள் டாக்டருக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன், இனி நாங்கள் ஒரே குழு என்றார். எங்கள் டாக்டரின் ஈமெயில் முகவரியையும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு 3,800. அடுத்த வாரம் பரிசோதனைகளுக்கு 14,300. ஆறு மாதத் திட்டத்துக்கு முன்பணமாக 12,000. மாத்திரைப் பாட்டில்கள் பதினொன்று, 8,500. மொத்தம் 38,600 ராண்ட். பாதிக்கு மேல் மெடிக்கல் எய்டிலிருந்து திரும்பி வந்துவிடும் என்று வரவேற்பறையில் வாயால் சொன்னார்கள். ஒரு டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி அதற்குள் இருந்திருக்கிறது.

14,300க்கு என்ன பரிசோதனை? தலைமுடியை வெட்டி அனுப்பி அதில் உலோகம் பார்த்தார்கள். மலத்தை அனுப்பினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதில் அரிசி, பால், உளுந்து, துவரம்பருப்பு, முட்டை எல்லாம் சிவப்பு. இவை உங்களுக்கு விஷம் என்றார். புரட்டாசி மாதம், எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அரிசியும் பருப்பும் பாலும் இல்லாமல் ஒரு மாதம் வேகவைத்த காய்கறியிலும் சர்க்கரைவள்ளியிலும் ஓட்டினேன். மாமியார் கண்கலங்கினார். ஐ.ஜி.ஜி. என்பது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவை உடம்பு அடையாளம் வைத்திருப்பதைத்தான் காட்டுகிறது, ஒவ்வாமையைக் காட்டுவதில்லை. உணவு ஒவ்வாமைக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று கனடாவின் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே சொல்லியிருக்கிறது. தினமும் சோறு சாப்பிடுகிறவளுக்கு அரிசி சிவப்பில் வராமல் வேறு எதில் வரும்? இதெல்லாம் பணம் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அடுத்ததுதான் பெரிய ஆபத்து. நவம்பர் மாதம் அவர்களே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். டி.எஸ்.எச். 0.08 என்று வந்தது, தைராய்டு ஹார்மோன் அளவு மேலே. அந்தப் பெண்மணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்கள், உங்கள் தைராய்டு விழித்துக்கொண்டது. இனி எல்ட்ராக்ஸின் பாதி போதும்." வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பினார்கள், 50 போதும் என்று. என் டாக்டரைக் கேட்க வேண்டாமா என்றேன். அவருக்கு எழுதியாகிவிட்டது என்றார்கள். 50க்குக் குறைத்தேன்.

டிசம்பரில் டர்பன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே வியர்வையில் நனையும். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம் வீங்கியது, குரல் கட்டைக் குரலானது, மாடிப்படி ஏறினால் கால் இரும்பாகக் கனத்தது. மையத்துக்குப் போன் செய்தால், உடம்பிலிருந்து நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்கள். டிசம்பர் பாதியில் விடுமுறைக்கு மூடிவிட்டார்கள்.

ஜனவரி முதல் வாரம் மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் போனாள். அவருக்கு அந்த மையத்திலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. "இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்" என்று சொல்லித்தான் 38,600 வாங்கினார்கள். ஒரு வரி ஈமெயில் அனுப்பவில்லை!

ரத்தம் எடுத்தார். டி.எஸ்.எச். மறுபடியும் குறைவாகவே வந்தது. அவர் என் நாடியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "உங்கள் உடம்பு ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் வேறொன்று சொல்கிறது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்றார். பதினொரு பாட்டிலையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். முடிக்கும் நகத்துக்கும் என்று கொடுத்த பாட்டிலில் நின்றார். பயோட்டின் என்கிற வைட்டமின், ஒரு கேப்ஸ்யூலில் 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 30.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பல லேப்களின் தைராய்டு பரிசோதனையில் பயோட்டினைத்தான் ஒட்டுப் பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பி வழிந்தால் அந்தப் பசை வேலை செய்யாது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும், ஹார்மோன் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். எல்லா லேப் முறையிலும் இப்படி ஆவதில்லை, பலவற்றில் ஆகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. என் தைராய்டு விழிக்கவே இல்லை. அவர்கள் கொடுத்த கேப்ஸ்யூல் ரிப்போர்ட்டைப் பொய்யாக்கியது. அந்தப் பொய் ரிப்போர்ட்டைக் காட்டி என் மாத்திரையைப் பாதியாக்கினார்கள்.

ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்ததில் டி.எஸ்.எச். 31, மிக அதிகம். கூடவே டாக்டர் ஃபெரிட்டினும் பார்த்தார், உடம்பின் இரும்புச் சேமிப்பு. வெறும் 7தான் இருந்தது, மிகக் குறைவு. ஒரு வருஷ அசதிக்கும் முடி உதிர்ந்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்கிறார். முன்னாலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும், என் மேலும் தப்பு இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இனி அவரை விட்டுப் போக மாட்டேன். 14,300 ராண்டுக்குப் பரிசோதனை செய்தவர்கள் இந்தச் சாதாரணப் பரிசோதனையைச் செய்யவே இல்லை. இப்போது எல்ட்ராக்ஸின் பழையபடி 100, அதற்கு நான்கு மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எல்ட்ராக்ஸின் உடம்பில் சரியாக ஏறாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று வாரமாக அலைகிறேன். மையத்தின் டாக்டர் கேப்டவுனில் மாநாட்டில் இருக்கிறார் என்றார்கள். அக்கவுண்ட்ஸில் கேளுங்கள் என்றார்கள். அக்கவுண்ட்ஸ் என்பது ஒரு ஈமெயில் முகவரி, பதில் வராது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. 50 போதும் என்று அனுப்பிய செய்தியைத் தேடினேன். ஏழு நாளில் தானாக மறையும்படி வைத்திருந்திருக்கிறார்கள். மையத்தில் கேட்டால், "நாங்கள் குறைக்கச் சொல்லவே இல்லையே, நாங்கள் மருந்து எழுதுவதே இல்லையே" என்கிறார்கள். நேரில் போனபோது பணத்துக்குப் பதில் நான்கு மசாஜ் கூப்பன் நீட்டினார்கள். மெடிக்கல் எய்டுக்கு பில்லை அனுப்பினேன். அதில் மருத்துவருக்கான பிராக்டிஸ் நம்பரும் இல்லை, நோய்க் குறியீடும் இல்லை, "வெல்னஸ் திட்டம்" என்று மட்டும் இருக்கிறது என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு ராண்ட்கூட வரவில்லை. 38,600.

அப்புறம்தான் அந்தப் பெண்மணியின் பெயரை, டாக்டர்களைப் பதிவுசெய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடினேன். இல்லை. ஆயுர்வேதம், ஹோமியோபதி, நேச்சுரோபதிக்காரர்களைப் பதிவுசெய்யும் ஏ.எச்.பி.சி.எஸ்.ஏ.விலும் இல்லை. ஃபங்ஷனல் மெடிசின் என்று தனியாக ஒரு பதிவே இரண்டு இடத்திலும் கிடையாது. பதிவு பெற்ற டாக்டர்களும் இதைச் செய்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. பதிவில்லாதவர்களை விசாரிக்க எச்.பி.சி.எஸ்.ஏ.வில் ஒரு பிரிவு இருக்கிறது. நேற்று அங்கே புகார் அனுப்பியிருக்கிறேன்.

நிறைய எழுத நினைத்தேன், கண் சொருகுகிறது. அவசரத்துக்கு இவை மட்டும்.

பணம் கட்டும் முன் அந்தப் பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. பில்லில் பிராக்டிஸ் நம்பர் போடுவீர்களா என்று கேளுங்கள். உங்கள் டாக்டருக்கு எழுதுகிறோம் என்றால் நகல் கேளுங்கள். இன்சுலினோ, பிரஷர் மாத்திரையோ, தைராய்டு மாத்திரையோ, எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தியை உடனே படம் எடுத்து வையுங்கள். முடிக்கு ஏதாவது கேப்ஸ்யூல் சாப்பிட்டால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் இருந்தால் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும்.

கூழ் ஊற்றிய அந்த ஆன்ட்டி இன்சுலின் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறாராம். காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போகிறேன், இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு.