கல்லில் ஒளிந்த செம்பு: நீர் மாற்றமா, ரெசினா, முழுக் கலைப்பா?

களியக்காவிளையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. கல்லும் மணலும் போக 200 லிட்டர் நீர் கொள்ளும். சென்ற ஜனவரியில் இரண்டு கோமாளி மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் அதே தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றிவிட்டேன். மீன்கள் பிழைத்தன. பிறகு ஐந்து முறை பாதி நீரை மாற்றினேன். நீரில் செம்பை அளக்கும் சோதனை கிட் பூஜ்யம் காட்டியது. மார்ச்சில் ஆசையாக வாங்கி விட்ட இரண்டு துப்புரவு இறால்கள் விடிவதற்குள் இறந்து கிடந்தன. மறுபடி சோதித்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

மீன் தாங்கும் செம்பை இறால் தாங்காது. அந்த இரண்டு இறால்களுக்குப் பிறகுதான் செம்பை வெளியேற்றும் வழிகளை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் ரெசினை, அதாவது நீரிலுள்ள செம்பைப் பிடித்துவைக்கும் சிறு மணிகளை, தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், செம்பு எங்கே போய் உட்காருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ரப்பர்க்காரர்களுக்கு இது பழகிய கதை. இலையுதிர்வு நோயைத் தடுக்க மழைக்காலத்துக்கு முன்பு போர்டோ கலவை அடிப்பார்கள்: 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. நாங்கள் துரிசு என்பது மயில்துத்தம். கடைகளில் காப்பர் சல்பேட். சுண்ணாம்பு செம்பைப் பிடித்து இலையில் படியவைக்கிறது. பிறகு பெய்யும் மழையில் அது சிறிது சிறிதாகக் கரைந்து இலையைக் காக்கிறது. என் தொட்டியிலும் இதுவே நடந்தது. பவள மணலும் சுண்ணப்பாறையும் கால்சியம் கார்பனேட்தான். ஊற்றிய செம்பில் பெரும்பகுதி அவற்றின்மேல் படிந்தது. இரவில் விளக்கணைந்து நீரின் பிஎச் இறங்கும்போது, அதாவது நீர் சற்று அமிலப் பக்கம் சாயும்போது, படிந்ததில் கொஞ்சம் திரும்பக் கரைகிறது. மழைக்கு இலையில் நடப்பது தொட்டியில் இரவுதோறும் நடக்கிறது.

எவ்வளவு படிந்திருக்கும்? என் குறிப்பேட்டைப் பார்த்தேன். நீரில் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் செம்பு இருக்கும்படி பதினான்கு நாள் பார்த்துக்கொண்டேன். நாள்தோறும் அளவு ஏறத்தாழ 0.05 குறைந்துவிடும், குறைந்ததை மறுபடி ஊற்றுவேன். 200 லிட்டருக்கு அது நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். பதினான்கு நாளில் 140. நீரில் கரைந்திருந்தது 40 மில்லிகிராம் மட்டுமே. காணாமற்போன செம்பைக் கண்டுகொள்ளாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீர் மாற்றம் அந்த நாற்பதைத்தான் தொடும். பாதிப் பாதியாக ஐந்து முறை மாற்றினால் 0.20 என்பது 0.006 ஆகிவிடும்; கணக்கு சரி. கல்லில் இருக்கும் 140 இந்தக் கணக்கிலேயே வராது. கடலுக்கு அருகில் வாழும் நாங்கள் இந்த வழியை அதிகமாக நம்பிவிடுகிறோம். தேங்காய்ப்பட்டணத்துக்கு ஆட்டோவில் கேன்களோடு போனால் கடல்நீர் இலவசம். ஆனால் அங்கே குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை ஒட்டி எடுக்கும் நீரில் உப்பு குறைவு, சேறு அதிகம். முகத்துவாரத்தை விட்டு விலகிப் போய், உப்பளவை அளந்துபார்த்து எடுக்க வேண்டும். முதல் வேலையாக நீர் மாற்றம் செய்யத்தான் வேண்டும், அதோடு நின்றுவிடக்கூடாது. வெளியேற்றும் செம்பு நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அங்கேயும் மீனும் நத்தையும் உண்டு.

வடிகட்டியில் போடும் கரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிலேட் வகைச் செம்பு மருந்தை, அதாவது செம்பை ஒரு கரிமப் பொருளோடு பிணைத்த மருந்தை, கரி ஓரளவு இழுக்கும். சாதாரணச் செம்பு உப்பை இழுப்பதில் பலவீனமானது.

முழுக் கலைப்பு என்பது மணலையும் கல்லையும் எறிந்துவிட்டு, கண்ணாடியை வினிகரால் கழுவிப் புதிதாகத் தொடங்குவது. உறுதி என்று பார்த்தால் இதை எதுவும் மிஞ்சாது. தொட்டியில் மீன் இல்லாதவருக்கு நான் இதையே சொல்வேன். எனக்கு மீன்கள் இருந்தன. கல்லில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அவற்றின் கழிவு அம்மோனியாவைச் சிதைப்பவை. கல் போனால் அவையும் போகும், புதுக் கல் முதிர வாரக்கணக்கில் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கல்லுக்குப் பதில் கடற்கரையில் பவளக்கல் பொறுக்கி வரலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், எடுக்கத் தடையுள்ள உயிர்களின் பட்டியலில், இருக்கின்றன. ஆகவே இந்த வழியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மணலை முழுக்க அள்ளி வெளியேற்றினேன், கல்லை வைத்துக்கொண்டேன். மணலுக்குப் பரப்பு அதிகம், விலை குறைவு; அதைக் காப்பாற்ற நினைப்பதில் பொருளில்லை.

இனி ரெசின். நான் வாங்கியது குப்ரிசார்ப் என்ற பெயரில் விற்பது. வெளிர்நிறச் சிறு மணிகள். துணிப்பையில் போட்டு வடிகட்டியில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். செம்பைப் பிடிக்கப் பிடிக்க நீலமேறி, தீர்ந்துபோகும்போது கருநீலமாகிவிடும். நீரில் உள்ள செம்பை இது எடுத்துக்கொண்டே இருப்பதால், கல்லில் இருப்பது கரைந்து வர இடம் கிடைக்கிறது. மெதுவான வேலை, மாதக்கணக்கில் ஆகும்.

விலை கூடுதல்தான். ஆனாலும் என்னை இதன் பக்கம் சாய்த்தது ஒரே ஒரு கேள்வி: வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்? வீட்டுக் கிட்களின் கண்ணுக்கு எட்டாத அளவுச் செம்பே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளே செம்பைக் கொண்டதுதான். அதற்கு வேண்டியதற்கு மேல் சிறிது கூடினாலும் அதுவே நஞ்சு. கிட் அந்தந்த நொடியில் நீரில் இருப்பதை மட்டும் பார்க்கிறது. ரெசின் நாட்கணக்கில் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. ஏப்ரலில் முதல் பையைப் போட்டபோது கிட் பூஜ்யம். மூன்றாம் வாரம் பையை எடுத்தால் மணிகள் நீலம். வீட்டுக்கு வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, “இது நாங்கள் மரத்துக்கு அடிக்கும் துரிசின் நிறமல்லவா?” என்றார். கிட்டை நம்பி இறால் விட்ட எனக்கு அந்த நீலத்தைப் பார்த்தபோது அடிவயிறு கலங்கியது.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நீலமேறிய பையை எடுத்ததும் புதிய மணிகளைச் சிறு பையில் போட்டு வைப்பேன். முந்தையதைவிட மெதுவாக நிறமேறுகிறதா என்று வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். நிறம் ஏறாத பை நான்கு வாரம் தாக்குப்பிடித்தால்தான் முடிந்தது என்று கொள்வேன். சிலர் மலிவான நத்தையை விட்டு அது பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் உயிரைச் சோதனைக் கருவியாக்க எனக்கு மனம் வரவில்லை. அழுக்கு படிந்தால் மணிகள் பழுப்பாகும், அதைச் செம்பு என்று எண்ணிவிடக்கூடாது. தீர்ந்த மணிகளை அமிலத்தில் ஊறவைத்துப் புதுப்பிக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நான் அதைச் செய்து பார்த்ததில்லை, அதனால் அதில் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

நீரிலுள்ள கழிவுகளைப் பிடிக்க வடிகட்டியில் வைக்கும் பாலிஃபில்டர் அட்டையும் செம்பைப் பிடித்தால் நீலமாகிக் காட்டும். அதை ஒரே ஒரு முறை, இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன். வேகமாக இழுப்பதுபோல் தோன்றியது. ஆனால் அட்டை மற்ற கழிவுகளையும் பிடித்துப் பழுப்பாகிவிட்டதால், நீலத்தைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. ரெசின் கிடைக்காத இடத்தில், கலைக்க மனமில்லாதவர் இதை வைக்கலாம்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நான்கு பைகள் நீலமாயின; ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெதுவாக. செப்டம்பரில் போட்ட ஐந்தாவது, வைத்த நிறத்திலேயே ஐந்து வாரம் இருந்தது. அதன் பிறகு ஒரே ஓர் இறாலை விட்டேன். பத்தாம் நாள் காலையில் கல்லின்மேல் வெள்ளையாக ஓர் உடல் கிடந்தது. கைவிளக்கை எடுத்து வந்து குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லாத, உரித்துப்போட்ட ஓடு. இறால் கல்லிடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.