ஆஃபர் கடையா, ஒரே விலைக் கடையா?

எதிரெதிரே இரண்டு சூப்பர் மார்க்கெட். ஒன்றில் வாரா வாரம் ஏதாவது ஒரு ரேக்கில் ஆஃபர் அட்டை தொங்கும். மற்றதில் ஆஃபர் என்ற பேச்சே கிடையாது, நேற்றைய விலைதான் இன்றைக்கும். எது மலிவு என்று ஒரு நாள் பில்லை நீட்டிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சோப்புத்தூளையே எடுத்துக்கொள்வோம். ஆஃபர் கடையில் அதன் விலை 100, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 70. எதிர்க்கடையில் எப்போதும் 90. ஆஃபர் வாரத்தில் போய்ப் பார்த்தவர் ‘20 மிச்சம்’ என்பார். வாரம் ஒரு பாக்கெட் வாங்குகிறவருக்கோ அங்கே சராசரி 92.50 ஆகிவிடுகிறது. அதே ஆள் 70-க்கு இறங்கும் வாரத்தில் நான்கு பாக்கெட்டாக அள்ளிவந்தால் எதிர்க்கடை கிட்டவே வரமுடியாது. வைத்தால் கெடாத சரக்குக்கு ஆஃபர் கடை, பால் மாதிரி அன்றன்றைக்கு வாங்குவதற்கு ஒரே விலைக் கடை. என் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

விலை எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும் பொருள்கள் சில உண்டு. கடைக்காரர்கள் அவற்றைக் கொள்முதல் விலைக்கும் கீழே கொடுத்து ஆளை உள்ளே இழுப்பார்கள், விட்டதை மற்ற ரேக்குகளில் பிடிப்பார்கள். அதனால் ஐந்து பொருளை மட்டும் ஒப்பிட்டால் கடைக்காரர் காட்ட விரும்பியதைத்தான் பார்க்கிறோம். இருபது, முப்பதாவது வேண்டும்.

பாக்கெட் விலையை எழுதிவைப்பதில் பயனில்லை. கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். 1 கிலோ பாக்கெட் சத்தமில்லாமல் 900 கிராம் ஆகி, விலை அப்படியே நின்றால் அது 11 சதவீத விலையேற்றம். ‘25 சதவீதம் கூடுதல்’ என்பது உண்மையில் 20 சதவீதத் தள்ளுபடிதான். எண்ணெய் இன்னும் வம்பு: ஒரு கடையில் லிட்டர், இன்னொன்றில் கிலோ. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஒரு கிலோ எடை வராது, சுமார் 910, 920 கிராம்தான்.

சராசரி போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பொருள் ‘அ’ கடையில் ‘ஆ’ கடையைப் போல இரண்டு மடங்கு விலை, இன்னொரு பொருள் அங்கேயே பாதி விலை. விகிதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25, அதாவது ‘அ’ கடை 25 சதவீதம் அதிகம். ‘ஆ’ கடைப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் அதே 25 சதவீதம் அதிகம்! இரண்டு கடையுமே மற்றதைவிட விலை கூடுதலாக இருக்க முடியுமா? விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சரியாக 1 வரும். 1863-லேயே விலைமாற்றத்தை அளக்க ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவான்ஸ் இந்தப் பெருக்கல் சராசரியைத்தான் எடுத்துக்கொண்டார்.

எந்தப் பட்டியலை வைத்து அளப்பது என்பதும் பழைய சண்டைதான். ஜெர்மன் பொருளியலாளர்கள் இருவரில் லாஸ்பியர்ஸ் (1871) முன்பு வாங்கிய அளவுகளையே பிடித்துக்கொண்டார், பாஷே (1874) இன்றைக்கு வாங்கும் அளவுகளை எடுத்தார். வீட்டுக் கணக்குக்கு நான் லாஸ்பியர்ஸ் கட்சி, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிப்பேன். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுவதும் உண்டு. சூட்டில் அச்சாகும் அந்தக் காகிதம் சில மாதத்தில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும், முதல் வருஷக் கணக்கில் பாதியை நான் அப்படித்தான் தொலைத்தேன்.

இன்னொன்று. ஆஃபர் கடைக்குப் போனாலே பட்டியலில் இல்லாத இரண்டு பொருள் கூடையில் ஏறிவிடுகிறது. அதையும் அந்தக் கடையின் செலவிலேயே எழுதுகிறேன்.