பழைய விண்டோஸுக்குத் திரை: விர்ச்சுவல்பாக்ஸா, கேவிஎம்மா?

கேரளத்தின் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிடிபி கடை என்றால் தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் மலையாள நோட்டீஸும் ஒரே கணினியில்தான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் இவற்றுக்காகவே விண்டோஸ் 7 இன்னும் வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸை கேவிஎம்மில் ஓட்டுகிறோம். கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே உருவாக்கித் தருவது கேவிஎம்; விர்ச்சுவல்பாக்ஸும் அதே வேலைக்குத்தான். அந்த விண்டோஸுக்குத் திரை அட்டையாக கியூஎக்ஸ்எல் என்ற மென்பொருள் அட்டை.

நிறுவ எளிது விர்ச்சுவல்பாக்ஸ்தான், சந்தேகமே இல்லை.

திரை விஷயத்துக்கு வருவோம். தனி டிரைவர் இல்லாத விண்டோஸ், சாதாரண விஜிஏ அட்டை இருப்பதாக நம்பி நினைவகத்தில் புள்ளிகளை எழுதிக்கொண்டே போகும். எந்தப் பகுதி மாறியது என்று வெளியே இருக்கும் மென்பொருள் தேடித் தேடி வரைய வேண்டும். கியூஎக்ஸ்எல் எந்த நிஜ சிப்பின் நகலும் இல்லை. ‘இந்தக் கட்டத்தை நிரப்பு, இந்தப் பகுதியை மேலே நகர்த்து’ என்று டிரைவர் கட்டளையாகவே அனுப்பிவிடும். பத்திரிகையை 400 சதவீதம் பெரிதாக்கி உருட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸும், விண்டோஸுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற அதன் டிரைவர் தொகுப்பைப் போட்டபின், இந்த வேலைக்குக் குறைந்ததல்ல.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. விர்ச்சுவல்பாக்ஸ் ஓட ‘விபாக்ஸ்டிரைவ்’ என்ற மாட்யூல் (துணை நிரல்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். தானாக நடக்கும்தான், ஆனால் புதிய கர்னலோடு அது ஒத்துப்போகாவிட்டாலோ, கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டுக்கான கையொப்பம் விட்டுப்போனாலோ விண்டோஸ் திறக்காது. முகூர்த்த மாதத்தில், புரூஃப் பார்க்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஆனால்? கேவிஎம் 2007-லேயே, 2.6.20 பதிப்பில், கர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. அப்டேட்டோடு அதுவும் சேர்ந்தே வரும். உள்ளே ஓடும் விண்டோஸின் திரையை வெளியே காட்டும் ஏற்பாடு ஸ்பைஸ்; அதன் கெஸ்ட் டூல்ஸை விண்டோஸுக்குள் ஒருமுறை போட்டால் சரி. ஜன்னலை இழுத்த அளவுக்கு ரெசல்யூஷன் மாறிக்கொள்ளும்.

குறையும் உண்டு. விண்டோஸ் 7-க்கான கியூஎக்ஸ்எல் டிரைவர் பழைய எக்ஸ்பி பாணி. விண்டோஸ் 7-இன் ஏரோ தோற்றத்தின் கண்ணாடிப் பளபளப்பு வராது. ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பில் ஸ்பைஸையே கைவிட்டுவிட்டது. உபுண்டுவில் எனக்கு இன்னும் ஓடுகிறது. கேவிஎம்மில் விர்ஜில் என்ற மென்பொருள் வழியாக வரும் 3டி முடுக்கம், உள்ளே ஓடுவது லினக்ஸாக இருந்தால்தான் உதவும். வீட்டு பிளானை 3டியில் வரைபவர்கள் விர்ச்சுவல்பாக்ஸை முதலில் பார்க்கலாம். அந்த வேலையை நான் இரண்டிலும் செய்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். எழுத்தும் பக்கமும்தான் பிழைப்பு என்றால் கேவிஎம் போடுங்கள்.