உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எது தாங்கும்: சோலாரா, கீசரா, ஹீட் பம்ப்பா?

மொட்டை மாடியில் எட்டு வருடம் உழைத்த எங்கள் சோலார் ஹீட்டர் 2023 ஆடி மாதம் கையை விரித்துவிட்டது. டேங்கின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஒழுகிய தண்ணீர் காய்ந்து ஸ்டாண்டின் கால் நெடுக வெள்ளைக் கோடு போட்டிருந்தது. பிளம்பர் அண்ணன் ஒரு கண்ணாடிக் குழாயைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது, அப்புறம் நின்றுவிட்டது. உள்ளங்கையால் தட்டினார். ஊறவைத்த அவல் மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி பொத்தென்று தரையில் விழுந்தது. "இது ஒண்ணுல மட்டும் இல்லைங்க, இருபதுலயும் இதேதான்" என்றார்.

வீடு கோவையில், சரவணம்பட்டிப் பக்கம். குடிக்க மாநகராட்சித் தண்ணீர். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,300-க்குக் கீழே காட்டாது. அந்த எண் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது, கடினத்தன்மையை மட்டும் சொல்வதல்ல. ஆனால் ஷவர் தலை மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்கிற வீட்டில் அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டியதில்லை. வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்குச் சித்திரையிலும் சுடுதண்ணீர்தான்.

மூன்று வழி இருந்தது. ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு கீசர், மூன்றுக்கும் சேர்த்து 27,000 ரூபாய். புது சோலார், 200 லிட்டர், 38,000. ஹீட் பம்ப், அதுவும் 200 லிட்டர், பொருத்துக் கூலி, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து 1,18,000. மூன்றாவதைத்தான் வாங்கினேன். மனைவி இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

கீசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, எந்தத் தெருவிலும் ரிப்பேர் செய்ய ஆள் உண்டு, கெட்டால் ஒரு குளியலறைதான் கெடும். ஒன்றிரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். சுடுதண்ணீருக்குத் தனி லைன் போடாமல் கட்டிய வீட்டுக்கும் அதேதான். சுவரை உடைத்து லைன் இழுக்கிற செலவில் நாலு கீசர் வாங்கிவிடலாம். எங்களுக்கு சோலார் இருந்ததால் லைன் ஏற்கனவே இருந்தது.

ஹீட் பம்ப் என்பது பெயரைக் கேட்டுப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்தால் சுடுமில்லையா, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது சுற்றியிருக்கிற காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதற்கு மட்டுமே கரண்ட் செலவாவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். காற்று எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு நல்லது. மதியம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிற ஊரில் இதற்கு வேலை சுலபம். 'ஹைபிரிட்' என்று சேர்த்துச் சொல்வது, அவசரத்துக்கு உள்ளே ஒரு சாதாரண 2 கிலோவாட் எலிமெண்ட்டும் இருப்பதால்.

சரி, விற்பவர்கள் எல்லாரும் கரண்ட் பில்லைத்தான் பேசுவார்கள். நான் முடிவெடுத்தது உப்பை வைத்து.

தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு உப்புக்கு ஒரு வினோத குணம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது சூட்டில் பிரிந்து வெளியே வந்துவிடும். எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டும். கீசரில் தண்ணீர் 55 டிகிரியில் இருந்தாலும் எலிமெண்ட்டின் மேல்தோல் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் உப்பு நேராக அங்கேதான் போய்ப் படிகிறது. படிந்த உப்பு போர்வை மாதிரி சூட்டை வெளியே விடாது, உள்ளே எலிமெண்ட் இன்னும் சூடாகும், இன்னும் உப்பு பிடிக்கும், ஒருநாள் வெடித்துவிடும். எங்கள் பழைய சோலாரில் மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த எலிமெண்ட் இப்படி இரண்டு முறை போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் கருவாடு மேல் உப்புப் பூத்த மாதிரி இருக்கும்.

சோலாரில் கதை வேறு. கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீரே நேரடியாக நிற்கிற மாடல் எங்களுடையது. சித்திரை, வைகாசியில் வீட்டில் அப்பாவைத் தவிர யாருக்கும் சுடுதண்ணீர் வேண்டாம், வெயிலோ கொளுத்தும். இழுக்க ஆளில்லாமல் டேங்க் 80, 90 டிகிரிக்குப் போய்விடும். தேவையே இல்லாத நாளில்தான் உப்பு மொத்தமாகப் பிரிந்து, குழாயின் அடியில் இறங்கி, அவலாக உட்காருகிறது. வெயிலை அணைக்க சுவிட்ச் கிடையாது. சாக்கை விரித்து மூடிப் பார்த்தேன், ஆடிக் காற்றில் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதோடு போர் தண்ணீரில் குளோரைடும் சேர்ந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் டேங்கும் ஊசி ஊசியாக அரிக்கும். அந்த ஓட்டை அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை குழாய்களைக் கழற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்குமோ என்னவோ. முதல் இரண்டு வருடம் கழுவினோம். மூன்றாவது வருடம் ஒரு குழாய் கழற்றும்போதே உடைந்தது. அதற்குப் பிறகு யாரும் மேலே ஏறவில்லை.

ஹீட் பம்ப்பில் தண்ணீரைத் தொடுகிற எந்தப் பரப்பும் கொதிப்பதில்லை. நான் வாங்கிய மாடலில் சூடான கேஸ் ஓடுகிற குழாய் டேங்குக்கு வெளியே, புடவை சுற்றினாற்போலச் சுற்றியிருக்கிறது. சூடு டேங்க் சுவர் முழுக்கப் பரவி உள்ளே போகிறது. ஒரே இடத்தில் சுடாததால் உப்புக்கு ஒட்ட இடம் குறைவு. 52 டிகிரியில் வைத்தால் அங்கேயே நின்றுவிடும், சித்திரையிலும் 52-தான். எலிமெண்ட் எப்போதாவது மட்டும் வேலை செய்வதால் சுத்தமாக இருக்கிறது. கடையில் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: காயில், அதாவது அந்தக் கேஸ் குழாய், டேங்குக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே தண்ணீரில் முங்கியிருக்கிற மாடல்களும் உண்டு. உப்புத் தண்ணீருக்கு வெளியே இருப்பதுதான் சரி.

உப்பு அறவே படியாது என்று சொல்லவில்லை. பதினாறு மாதம் கழித்து ஆனோடு கம்பியை வெளியே எடுத்தோம். டேங்குக்குப் பதிலாகத் தன்னை அரித்துக்கொள்வதற்கென்றே உள்ளே தொங்குகிற மெக்னீசியக் கம்பி அது. கட்டைவிரல் தடிமன் இருந்தது, நடுவில் இரும்புக் கம்பி தெரிகிற அளவுக்குக் கரைந்து, கரும்புச் சக்கை மாதிரி வந்தது. மூன்று வருடம் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். உப்பு அதிகமான தண்ணீரில் அது சீக்கிரம்தான் தீரும். புதுக்கம்பி 1,200 ரூபாய். அதே ஓட்டையில் கையடக்க டார்ச் அடித்துப் பார்த்தேன்: அடியில் மாவு மாதிரி மெல்லியதாக ஒரு படிவு, அவல் இல்லை. டிரெயின் வால்வைத் திறந்து இரண்டு வாளி விட்டதும் பாதி போய்விட்டது. மாடி ஏற வேண்டியதில்லை, கண்ணாடி உடையப் பயமில்லை. எனக்கு இது போதும்.

சூட்டைக் குறைத்தால் உப்பு குறையும் என்று 42, 43-ல் வைத்துவிடாதீர்கள். அந்த வெதுவெதுப்பு லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமிக்குப் பிடித்தமானது. வாரத்துக்கு ஒரு முறை 60-க்கு ஏற்றி இறக்குகிறேன்.

அப்புறம் பில். பொருத்த வந்த பையன் மெஷினை ஹைபிரிட் மோடிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். இருபது நாள் கழித்துத்தான் ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு தறிகெட்டுச் சிமிட்டுவதைப் பார்த்தேன். எலிமெண்ட்டும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 'எகானமி' என்று மாற்றியதும் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு வந்தது. இந்தப் பட்டனைத் தெரிந்துகொள்ளாமல் ஹீட் பம்ப் வேஸ்ட் என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மார்கழி, தை சேர்ந்த இரண்டு மாத பில்லில் ஹீட் பம்ப்புக்கு மட்டும் தனி மீட்டர் 118 யூனிட் காட்டியது. வீட்டின் மற்ற செலவு 370. மொத்தம் 488, பில் 1,653 ரூபாய். இதே சூட்டைக் கீசரில் எடுத்திருந்தால் சுமார் 350 யூனிட், மொத்தம் 720. இங்கேதான் நம் ஈபி கணக்கின் வேடிக்கை. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 காசுக்குக் கிடைத்ததும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். அப்படிப் பார்த்தால் பில் 3,830 ஆகியிருக்கும். ஒரே பில்லில் 2,177 ரூபாய் வித்தியாசம். இது 2022 செப்டம்பரில் வந்த கட்டணம். 2024 ஜூலையில் இன்னும் 4.83 சதவீதம் ஏறியது. கோடையில் வித்தியாசம் இவ்வளவு வராது. வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று வைத்தாலும் கீசரைவிட அதிகம் போட்ட 91,000 திரும்ப வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். சோலாரோடு ஒப்பிட்டால் திரும்ப வரவே வராது, அதற்குக் கரண்டே கிட்டத்தட்ட வேண்டாமே. பணத்தை மட்டும் பார்த்தால் என் முடிவு தப்புதான்.

ஆனால் ஐப்பசியில் பார்க்க வேண்டும். கோவையில் வடகிழக்குப் பருவமழையில் வெயிலைக் காணாத நாட்கள் வரும், தீபாவளியும் அப்போதுதான் வரும். 2022-ல் சோலார் டேங்கில் வெதுவெதுப்புகூட இல்லாமல் அம்மா கேஸ் அடுப்பில் அண்டா வைத்தார். 2023 தீபாவளிக்கு அக்கா குடும்பமும் வந்து பதினோரு பேர். நாலரைக்கு எண்ணெய் வைத்து, ஐந்துக்கு ஆரம்பித்தது. எட்டாவது ஆள் மாமா. தலையில் சீயக்காயோடு "தம்பி, தண்ணி சில்லுனு வருது" என்று கதவுக்கு உள்ளிருந்து குரல் கொடுத்தார். கம்ப்ரசர் தனியாக 200 லிட்டரைச் சூடாக்க மூன்று மணி நேரமாவது வேண்டும், அதுதான் இதன் பெரிய குறை. எலிமெண்ட்டையும் சேர்த்து ஓட்டுகிற பூஸ்ட் பட்டனை அழுத்தினோம். அரை மணியில் இரண்டு பேருக்குத் தேறியது. மாமா அதுவரை துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஷினை சமையலறைக்குப் பின்னால் சர்வீஸ் ஏரியாவில் வைத்திருக்கிறோம். ஓடும்போது பழைய ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் அதிகமாக உறுமும், படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடிய சின்ன அறையும் ஆகாது, தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். பகல் பதினொன்றுக்கு ஓடுமாறு டைமர் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அம்மா கீரை ஆய அங்கேதான் மணை போடுகிறார், சில்லென்று இருக்கிறதாம். மழைக்காலத்தில் கொடியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினோம், காற்று ஈரமில்லாமல் வருவதால் துணி காய்கிறது. அதற்கு விலையும் உண்டு: துணியின் பஞ்செல்லாம் ஃபில்டரில் போய் அடைகிறது. மாதம் ஒரு முறை குழாயடியில் கழுவாவிட்டால் யூனிட் ஏறுவது மீட்டரிலேயே தெரியும்.

எனக்குத் திடமாகச் சொல்ல முடியாத இடம் சர்வீஸ். ஒன்பதாம் மாதம் திரையில் ஏதோ எர்ரர் எழுத்து வந்து கம்ப்ரசர் நின்றது. கம்பெனி ஆள் வரப் பதினோரு நாள் ஆனது. வந்தவர் பத்து நிமிடத்தில் ஒரு சென்சாரை மாற்றிவிட்டுப் போனார். அந்தப் பதினோரு நாளும் எலிமெண்ட்டில் ஓட்டினோம், ஹைபிரிட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. கேஸ் லீக்கானால், போர்டு போனால் என்ன செலவு ஆகும் என்று எனக்கு அனுபவமில்லை. நம் பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக்கிடம் கேட்டேன், "கொண்டாங்க, பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் பதிலை நம்பி யாரையும் ஒரு லட்சம் போடச் சொல்ல மாட்டேன்.

வடவள்ளியில் தம்பி வீடு, போர் கிடையாது, முழுக்க நல்ல தண்ணீர். அவன் போன தையில் கேட்டபோது சோலாரே போடச் சொன்னேன், போட்டுவிட்டான். எங்கள் மாடியில் பழைய ஸ்டாண்ட் இன்னும் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கரண்ட் தருகிற சோலார் பேனல் வைக்கலாமா என்று இப்போது யோசனை. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 கிடைக்கிறது, ஹீட் பம்ப் ஓடுவதும் பகலில்தான். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.