லாங் டார்க்கா, கால் ஆஃப் டியூட்டியா: ஒரு தீக்குச்சிக்கு என்ன மதிப்பு?

சித்தி மகன் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் அவன் கை வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. பனிக்காட்டில் தனியாக உயிர் பிழைக்க வேண்டிய தி லாங் டார்க் கேமை நான் ஆடுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, "அண்ணா, இவ்ளோ நேரமா நடந்துட்டே இருக்கீங்க, ஒருத்தனையும் சுடலையே, இதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு தீக்குச்சி, வெளியே பனிப்புயல், பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஷூட்டர் கேம்கள் மட்டம் என்று நிறுவ நான் வரவில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடி வளர்ந்தவன் நான், டஸ்ட் 2 மேப்பின் சந்துபொந்தெல்லாம் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும். இருந்தும் இப்போது வேலை முடித்து வந்து இரவில் கணினியைத் திறந்தால் கை போவது சர்வைவல் கேம் பக்கம்தான். ஏன் என்பதற்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஒரு பக்கம் கால் ஆஃப் டியூட்டி, அதிலும் 2007இல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் தொடங்கி இன்றுவரை நீளும் அதன் மல்டிபிளேயர், அதாவது ஆன்லைனில் பலர் மோதும் ஆட்டம். இன்னொரு பக்கம் கனடாவைச் சேர்ந்த ஹின்டர்லேண்ட் என்ற சின்ன ஸ்டுடியோவின் தி லாங் டார்க். 2014இல் அரைகுறைப் பதிப்பாக ஸ்டீம் என்ற இணைய கேம் கடைக்கு வந்து, 2017 ஆகஸ்டில் முழுதாக வெளியானது. கனடாவின் வடக்கே பனி மூடிய ஒரு கற்பனைத் தீவு, பெயர் கிரேட் பேர். வானத்தில் ஏதோ காந்தக் கோளாறு, கரண்ட் இல்லை, வண்டி ஓடாது, ஆள் அரவம் இல்லை. ஜாம்பியும் கிடையாது. உடல் சூடு, தெம்பு, தண்ணீர், சாப்பாடு என்று நான்கு அளவுகள் குறைந்துகொண்டே இருக்கும், நாம் அவற்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கதைப் பகுதி தனியாக இருக்கிறது, நான் பேசுவது சர்வைவல் மோடைப் பற்றி.

எது நிஜம் மாதிரி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் கால் ஆஃப் டியூட்டியைத்தான் காட்டுவார்கள். துப்பாக்கியின் திருகாணி வரைக்கும் தெரியும், தோட்டாக் கூடு தெறித்து விழும் சத்தம் கேட்கும். லாங் டார்க் பார்க்க வாட்டர்கலர் ஓவியம் போல இருக்கும், மரம் எல்லாம் தூரிகையால் இழுத்த மாதிரி. ஆனால் கால் ஆஃப் டியூட்டியில் நான்கு குண்டு வாங்கிய ஆள் சுவருக்குப் பின்னால் சில நொடி உட்கார்ந்தால் முழு உயிரோடு எழுந்துவிடுவான், 2005இல் வந்த இரண்டாம் பாகத்திலிருந்தே இப்படித்தான். லாங் டார்க்கில் சரிவான பாறையில் அவசரமாக இறங்கினால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும், கட்டுப்போட வேண்டும், அதுவரை நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஓநாய் கடித்த காயத்தை அப்படியே விட்டால் சீழ் பிடிக்கும். மருந்து கிடைக்காவிட்டால் மரத்தில் தொங்கும் ஒருவகைப் பாசியைப் பறித்துக் காயத்தில் வைத்துக் கட்டலாம். முதல் கேமில் பொருளின் தோற்றம் நிஜம், இரண்டாவதில் செய்ததன் விளைவு நிஜம். என்னை உலுக்குவது இரண்டாவதுதான்.

சாவு விஷயத்தில்தான் இரண்டும் முழுக்கப் பிரிகின்றன. கால் ஆஃப் டியூட்டியில் செத்தால் கண் மூடித் திறப்பதற்குள் ரீஸ்பான், மறுபடி உயிரோடு களத்தில். பத்து நிமிட மேட்சில் இருபது முறை சாகலாம், அதில் வெட்கமில்லை, அது அந்த ஆட்டத்தின் மூச்சு மாதிரி. சாவு மலிவாக இருப்பதால்தான் துணிந்து பாய முடிகிறது. லாங் டார்க்கின் சர்வைவல் மோடில் செத்தால் பொதுவாக அந்த சேவ் ஃபைலே, அதாவது சேமித்த ஆட்டமே, அழிந்துவிடும். ஐம்பது நாள் சேர்த்த விறகு, வெட்டி உலர்த்திய மான் தோல், ஒவ்வொரு வீடாகத் தட்டித் தேடிய ஊசிநூல் எல்லாம் போச்சு. முதல்முறை அப்படிப் போனபோது நான் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தான் கதவைத் திறந்து வெளியே கால் வைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது, திரும்பி வர முடியுமா? பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்கில் இதன் ஒரு துளி இருந்தது, செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், அதனால்தான் கடைசி ஆளாக நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அன்றைக்குத் தம்பி பார்த்த ஆட்டத்தையே சொல்கிறேன். மிஸ்டரி லேக் என்ற பகுதியில், காட்டுக்குள் இருக்கும் வேட்டைக்காரன் குடிசையிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் முகாம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பையில் நாலு கிலோ மான் கறி, பச்சையாக. கறி கையில் இருந்தால் வாடை வீசும், ஓநாய் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கும், அதனால் நேர்வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். அதில்தான் நேரம் போனது. உறைந்த ஏரியில் கால் வைக்கும்போது காற்று திசை மாறியது, ஐந்து நிமிடத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. கேமில் திசை காட்டும் அம்புக்குறி எதுவும் கிடையாது. நடந்த திசையை நம்பி நடந்ததில் ஒரு மீன்பிடிக் குடிசை தட்டுப்பட்டது, பனிக்கட்டி மேல் நாலு பலகை, உள்ளே ஒரு குட்டி இரும்பு அடுப்பு. உடல் குளிரில் விறைக்க ஆரம்பித்துவிட்டது, உயிர் அளவு பாதிக்குக் கீழே. அடுப்பில் சுள்ளி வைத்து, பற்றவைக்க ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தேன். தீ பிடிக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று திரை காட்டியது. முதல் குச்சி உரசினேன், புகைந்து அணைந்துவிட்டது. தம்பி அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவன், போனைக் கீழே வைத்துவிட்டான். இரண்டாவது குச்சி, கடைசிக் குச்சி. பிடித்துக்கொண்டது. அப்புறம் பனியை உருக்கித் தண்ணீராக்கி, கொதிக்கவிட்டு, கறியைச் சுட்டு, புயல் ஓயும்வரை நெருப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் பார்த்தால் முகாம் அலுவலகம் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

இதே கேள்வியை டூம் எடர்னல் என்ற ஷூட்டரோடு வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் 2020இல் வந்த அந்த கேம் வேகத்தை ஒரு கலையாகவே செய்து வைத்திருக்கிறது. அதில் உயிர் குறைந்தால் தள்ளாடும் எதிரியிடம் பாய்ந்து கையாலேயே கொல்ல வேண்டும், உயிர் கூடும். தோட்டா தீர்ந்தால் செயின்சாவால் அறுக்க வேண்டும், தோட்டா கொட்டும். எதிரி மேல் நெருப்பை ஊதினால் நமக்குக் கவசம் உதிரும். அதாவது எந்தக் கஷ்டம் வந்தாலும் விடை ஒன்றுதான், இன்னும் முன்னால் போ, நின்றால் செத்தாய். அற்புதமான வடிவமைப்பு, இதில் எனக்கு மறுப்பே இல்லை. லாங் டார்க்கில் எல்லாம் தலைகீழ். ஓடினால் கலோரி எரியும், மூச்சு வாங்கும், களைப்பு ஏறும். முப்பது கிலோவுக்கு மேல் சுமந்தால் நடையே தளரும். கஷ்டம் வந்தால் விடை பெரும்பாலும் நிற்பது, ஒதுங்குவது, கொண்டுவந்ததில் பாதியைக் கீழே போட்டுவிட்டுப் போவது. எதைப் போடுவது என்று முடிவெடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லாத பதற்றம் இருக்கிறது.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். கால் ஆஃப் டியூட்டியில் ஒரு மேட்சில் எத்தனை தோட்டா சுட்டேன் என்று யாரும் எண்ணுவதில்லை. லாங் டார்க்கில் வேட்டைத் துப்பாக்கி கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் கூடவே நாலைந்து தோட்டா இருந்தால் அதிர்ஷ்டம். களைப்பாக இருந்தால் குறி ஆடும். துடைக்காமல் விட்டால் துப்பாக்கி கெட்டுப்போகும். ஓநாயைச் சுடுவதா, அந்த ஒரு தோட்டாவை மானுக்கு வைத்துக்கொண்டு ஓநாயைத் தீப்பந்தத்தால் விரட்டுவதா? இன்டர்லோப்பர் என்ற கடின நிலையில் துப்பாக்கியே இல்லை, அம்பையும் வில்லையும் நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு எடை இருக்க முடியும் என்பதை நூறு ஷூட்டர் கேம் ஆடியும் நான் உணர்ந்ததில்லை.

மனிதர்களே இல்லாத ஆட்டம் போரடிக்கும் என்பவர்களுக்கு, ஆன்லைனில் பலர் ஆடும் டேஸீ என்ற சர்வைவல் கேம் இருக்கிறது. நியூசிலாந்துக்காரரான டீன் ஹால், சிங்கப்பூர் ராணுவத்தோடு பயிற்சியில் இருந்தபோது புரூனேயின் காட்டில் பட்ட பாட்டிலிருந்து பிறந்த யோசனை அது. 2012இல் ஆர்மா 2 என்ற ராணுவ கேமின் மேல் கட்டிய ஒரு மாற்றுப் பதிப்பாக வந்தது, பிறகு தனி கேமாக வளர்ந்து 2018 டிசம்பரில்தான் ஆரம்பநிலையைத் தாண்டியது. செர்னாரஸ் என்ற அதன் மேப் சுமார் 225 சதுர கிலோமீட்டர். குட்டைத் தண்ணீரைக் குடித்தால் காலரா வரும், தவறான பிரிவு ரத்தம் ஏற்றினால் ஆள் காலி. இதெல்லாம் போக, எதிரே வரும் இன்னொரு ஆட்டக்காரன் நல்லவனா கெட்டவனா என்பது தெரியாது. ஒருமுறை நான் வாந்தி எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துக் கிணற்றடியில் நின்றபோது துப்பாக்கியோடு ஒருவன் வந்தான். ஷூட்டர் கேமாக இருந்தால் அரை நொடியில் இருவரில் ஒருவர் செத்திருப்போம். அவன் மாத்திரை டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய், எடுத்துக்கொள் என்று மைக்கில் சொன்னான். நான் எடுத்துக்கொண்டேன். அவன் தெற்கே போனான், நான் வடக்கே. அந்த இரண்டு நிமிடத்தை ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறேன். ஷூட்டரில் எடுத்த ஆயிரக்கணக்கான கில்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

பப்ஜி ஆடியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன், கடைசி ஆள் நிற்கும்வரை எல்லோரும் மோதும் தன் பேட்டில் ராயல் யோசனையை முதலில் செய்து பார்த்தது இந்த டேஸீ மாற்றுப் பதிப்பின் மேல்தான். பசியையும் குளிரையும் கழித்துவிட்டு, சுருங்கும் வட்டத்தைச் சேர்த்ததும் 2017இல் வந்த பப்ஜி ஆகிவிட்டது. வீடு வீடாகப் புகுந்து லூட், அதாவது கிடைக்கும் பொருளை, எடுக்கும்போது வரும் அந்தப் படபடப்பு சர்வைவல் கேமிலிருந்து வந்த சொத்து. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது கலங்கிய நம் பையன்களில் பலர், தெரியாமலே பாதி சர்வைவல் ரசிகர்கள்.

இனி ஷூட்டருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம்தான் இருக்கிறது, ஊரில் இருக்கும் மூன்று நண்பர்களும் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்றால் லாங் டார்க்கைத் திறப்பதில் அர்த்தமே இல்லை, அதன் சர்வைவல் மோடு தனி ஆளுக்கானது. கண்ணும் கையும் சேர்ந்து பழகி, ஒரு மாதத்துக்கு முன் முடியாத ஒன்று இன்று தானாக வரும்போது கிடைக்கும் பூரிப்பு ஷூட்டரில்தான் சுத்தமாகக் கிடைக்கும். சர்வைவல் கேமில் சில நாள் வெறும் விறகு பொறுக்குவதிலேயே போய்விடும், அதைப் பொறுமை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. லாங் டார்க்கின் ஓநாய்கள் நிஜ ஓநாய்களைவிட எவ்வளவோ வெறி பிடித்தவை, பசியும் சீக்கிரம் எடுக்கும், அந்த அளவில் அதன் நிஜமும் திருத்தப்பட்ட நிஜம்தான். ஆனால் ஒரு நடைமுறை விஷயம், பிங், அதாவது நெட்டின் தாமதம், எகிறினால் ஷூட்டர் ஆட்டம் அன்றைக்கு அவ்வளவுதான். லாங் டார்க்குக்கு நெட்டே வேண்டாம், சாதாரண லேப்டாப்பிலும் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் ஓடும். கட்டடத்துக்குள் நுழையும்போதும் தூங்கி எழும்போதும் தானாகச் சேவ் ஆகிவிடும் என்பதால் கரண்ட் போனாலும் பெரிதாக இழக்க மாட்டோம்.

லாங் டார்க்கை ஆரம்பிக்க நினைப்பவர்கள் வாயேஜர் என்ற மிதமான கடின நிலையில், மிஸ்டரி லேக்கில் ஆரம்பியுங்கள். இணையத்தில் மேப் பார்க்காதீர்கள், தொலைந்து போவதுதான் முதல் வாரத்தின் சுகமே. ஹெட்போன் கட்டாயம், காலடியில் பனி நொறுங்கும் சத்தம் மாறுவதும் காற்று ஏறுவதும் காதில்தான் முதலில் தெரியும். ஏரி ஓரத்தில் நிற்கும் சம்பங்கோரையைப் பறிக்காமல் தாண்டாதீர்கள், தண்டு சாப்பாடு, தலை தீ மூட்ட உதவும்.

தம்பி ஊருக்குக் கிளம்பும் முன் அவனாகவே ஒரு ஆட்டம் தொடங்கினான். முதல் இரவிலேயே குளிரில் செத்தான். மறுபடி தொடங்கினான், ஓநாய். மூன்றாவது முறை நான் சமையலறையில் இருந்தபோது கூப்பிட்டான்: "அண்ணா, மேல காக்கா வட்டம் போடுது, அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?" கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது, மானாக இருந்தால் உனக்கு நாலு நாள் சாப்பாடு, ஆனால் ஓநாயும் அங்கேதான் வரும் என்றேன். ஓடும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே மெல்ல நடக்க ஆரம்பித்தான்.