வகைச் சரிபார்ப்பும் முறைசார் விவரக்குறிப்பும்: எந்தப் பிழை யாரிடம் சிக்கும்?

நிரலை இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே அதன் பிழைகளைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஒன்று வகைச் சரிபார்ப்பு. ஒவ்வொரு மாறிக்கும் ஒவ்வொரு சார்புக்கும் ஒரு வகை உண்டு. அந்த வகைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கம்பைலர் பார்த்துச் சொல்கிறது. மற்றொன்று முறைசார் விவரக்குறிப்பு. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணக் கோட்பாட்டையும் தருக்கத்தையும் கொண்டு நிரலுக்கு வெளியே தனியாக எழுதி, அதை மாடல் செக்கரிடம் (எட்டக்கூடிய நிலைகளைத் தேடிப் பார்க்கும் கருவி) கொடுத்தோ கணிதமுறையில் நிறுவியோ சோதிப்பது அது. முதலாவதை இரண்டாவதன் எளிய வடிவமாகப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் வெவ்வேறு உலகங்களைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டிலும் வரும் 'முழு எண்' கூட ஒன்றல்ல.

இருமத் தேடலை எடுத்துக்கொள்வோம். வரிசைப்படுத்திய அணியின் தொடக்கச் சுட்டையும் (உறுப்பின் இட எண்) முடிவுச் சுட்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, நடு உறுப்பைப் பார்த்து, எந்தப் பாதியில் தேடுவது என்று முடிவெடுப்பதுதான் அந்த நெறிமுறை. ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த வடிவத்தில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் வெளியிட்டார். ஜாவாவின் முழு எண் வகை 32 பிட் கொண்டது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அணியில் ஏறத்தாழ 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், இரண்டு சுட்டுகளின் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடக்கூடும். அதில் பாதியும் எதிர்மறைதான். அப்படி ஒரு சுட்டு அணியில் இல்லாததால் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

இந்தப் பிழையைக் கம்பைலர் பிடிக்கவில்லை. முழு எண்ணோடு முழு எண்ணைக் கூட்டினால் முழு எண் வரும் என்பது மட்டுமே அதன் விதி, அந்த விதி இங்கே மீறப்படவில்லை. ஆனால் விவரக்குறிப்பு எழுதியிருந்தாலும் இது தப்பித்திருக்கும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இசட், டிஎல்ஏ பிளஸ் போன்ற விவரக்குறிப்பு மொழிகளில் முழு எண் என்றால் கணிதத்தின் முழு எண், அதற்கு மேல் எல்லை கிடையாது. அந்த எண்களின் மீது இருமத் தேடல் சரியென்று நிறுவுவது பாடப்புத்தகப் பயிற்சி; அந்த நிறுவலில் குற்றமும் இல்லை. வகைச் சரிபார்ப்பு இயந்திரத்தின் எண்ணைப் பற்றிப் பேசியது, அதன் எல்லையைக் கணக்கில் எடுக்கவில்லை. விவரக்குறிப்பு நெறிமுறையின் நோக்கத்தைப் பற்றிப் பேசியது, அதற்கு இயந்திரமே தெரியாது. பிழை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அந்த நடு இடத்தில் நிற்கும் கருவிகளும் உண்டு. அடா மொழியின் உட்பிரிவான ஸ்பார்க்கில் ஒவ்வொரு கூட்டலுக்கும் 'விடை இந்த வகையின் வரம்புக்குள் அடங்குகிறதா' என்ற நிபந்தனையை நிறுவுங்கருவி தானாகவே உருவாக்கி, அதை நிறுவ முடியாதபோது அந்த வரியைச் சுட்டிக்காட்டும். இருமத் தேடலின் அந்தக் கூட்டலில் அது நின்றுவிடும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டும்படி மாற்றி எழுதினால் வழிவிடும். நிரலோடு அதன் விவரக்குறிப்பையும் சேர்த்துச் சரிபார்க்கும் டாஃப்னி மொழியிலும் வரம்புள்ள எண் வகையை அறிவித்துக்கொண்டால் இதே காவல் கிடைக்கும். அறிவிக்காமல் விட்டால் அதன் முழு எண்ணும் கணித முழு எண்தான்.

வகைச் சரிபார்ப்பின் உண்மையான பலம் அது நிரலை விட்டு விலகவே முடியாது என்பதில் இருக்கிறது. நிரல் மாறினால் வகையும் கூடவே மாற வேண்டும், இல்லையென்றால் கம்பைல் ஆகாது. கோப்பைச் சேமித்த சில நொடிகளில் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்காக நிரலாளர் எந்த நிறுவலையும் எழுதத் தேவையில்லை. சரியான வகையுள்ள நிரல் தடம்புரளாது என்ற கருத்தை ராபின் மில்னர் 1978இல் கணித வடிவில் நிறுவியதிலிருந்து இத்துறை வளர்ந்து, இன்று ரஸ்ட் மொழியில் ஒரே தரவை இரண்டு இழைகள் (ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் இயங்கும் பகுதிகள்) ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் மாற்றுவதைக்கூடப் பாதுகாப்பான பகுதியில் வகை விதிகளே தடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. நிரலின் நடத்தையைப் பற்றிய எந்தச் சுவையான கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் விடை சொல்லும் நெறிமுறை கிடையாது என்பது ரைஸின் தேற்றம். ஆகவே ஓட்டையில்லாமலும் எப்போதும் விடை தருவதாகவும் இருக்கும் வகைச் சரிபார்ப்பி, நல்ல நிரல்கள் சிலவற்றையும் நிராகரித்தே தீரும். பல ஆண்டுகள் பலர் கைபட்டு வாழப்போகும் நிரலுக்கு இந்த விலையை நான் தயங்காமல் கொடுப்பேன். பைத்தான் 3.5 பதிப்பில், 2015இல், வகைக் குறிப்புகளுக்கு நூலக அளவில் இடம் கிடைத்ததும், ஜாவாஸ்கிரிப்டின் மேல் டைப்ஸ்கிரிப்ட் பரவியதும் இதே கணக்கின் விளைவுகள்தாம்.

ஆனால் இழைகளின் பூட்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்து முடங்குவதை ரஸ்ட்டும் தடுப்பதில்லை. காலப்போக்கில், பல கணினிகளுக்கு இடையில், எந்த நிகழ்வு எதற்கு முன் நடக்கும் என்று தெரியாத நிலையில் முளைக்கும் பிழைகள் வழக்கமான வகைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமேசான் பொறியாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. தங்கள் தரவுத்தளமான டைனமோடிபியின் நெறிமுறையை டிஎல்ஏ பிளஸில் எழுதி மாடல் செக்கரில் ஓட்டியபோது, தரவை இழக்கச் செய்யும் ஒரு பிழை வெளிப்பட்டது. அதற்கு இட்டுச்செல்லும் மிகக் குறுகிய நிகழ்வுத்தொடரே 35 படிகள் கொண்டது. 35 படிகளை மனத்தில் ஓட்டிப் பார்க்கும் மனிதர் இல்லை, அதற்குச் சோதனை எழுதுவாரும் இல்லை. எந்த வகையும் அதைச் சொல்லாது. விவரக்குறிப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 35 படிகளைக் கண்டுபிடித்த உரைக்கும் இயங்கும் நிரலுக்கும் இடையே இயந்திரம் காக்கும் இணைப்பு எதுவும் இல்லை. அடுத்த மாதம் நிரல் மாறும், விவரக்குறிப்பு அப்படியே கிடக்கும். அந்த இடைவெளியையும் நிறுவலால் மூடலாம் என்று எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவகம் 2009இல் காட்டியது: ஏறத்தாழ 8,700 வரி சி நிரலுக்குச் சுமார் 2,00,000 வரி நிறுவல். பெரும்பாலான குழுக்களுக்கு இது எட்டாத விலை.

இனி, இவ்விரு வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடத்துக்கு வருவோம்: விவரக்குறிப்பு மொழிக்கே வகைகள் வேண்டுமா? வேண்டியதில்லை என்ற பக்கத்தின் வாதத்தை லெஸ்லி லாம்போர்ட்டும் லாரன்ஸ் பால்சனும் 1999இல் விரிவாக எழுதினர். டிஎல்ஏ பிளஸில் எல்லாமே கணம். 'மதிப்புகளின் கணம், அதோடு மதிப்பில்லை என்ற ஒரு சிறப்புப் பொருள்' என்று ஒரு சேர்ப்புக் குறியால் எழுதிவிடலாம். வகையுள்ள இசட்டில் அதற்கென்று தனி வகையை அறிவித்து, ஒவ்வொரு இடத்திலும் பிரித்தெடுக்க வேண்டும். மாறிகள் எந்தக் கணத்தில் அடங்கும் என்பதை டிஎல்ஏ பிளஸில் ஒரு சாதாரண மாறாக் கூற்றாக (எல்லா நிலைகளிலும் உண்மையாக இருக்க வேண்டிய கூற்று) எழுதுவது மரபு. மற்ற மாறாக் கூற்றுகளைச் சோதிக்கும் மாடல் செக்கரே அதையும் சோதித்துவிடுகிறது. தனியாக ஒரு வகை இயந்திரம் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது.

ஆனால் நடைமுறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வாக்குகள் என்பது கணினிகளின் கணம் என்று வைத்துக்கொள்வோம். 'இந்தக் கணினி வாக்குகளில் ஒன்று' என்று ஒரு செயலுக்கு எழுத வேண்டிய நிபந்தனையில், கவனக்குறைவால் 'இந்தக் கணினி வாக்குகளுக்குச் சமம்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இசட்டின் வகைச் சரிபார்ப்பி உறுப்பையும் கணத்தையும் ஒப்பிடுகிறீர்கள் என்று உடனே நிறுத்திவிடும். டிஎல்ஏ பிளஸின் மாடல் செக்கரான டிஎல்சியில் கணினிகளைச் சாதாரண மாடல் மதிப்புகளாக (பெயர் மட்டுமே உள்ள அடையாளப் பொருள்கள்) அறிவித்திருந்தால், மாடல் மதிப்பு தன்னைத் தவிர வேறெதற்கும் சமமல்ல என்பது அதன் விதி. எனவே நிபந்தனை சத்தமில்லாமல் பொய்யாகிவிடும், அந்தச் செயல் ஒருபோதும் நிகழாது. நிகழாத செயல் எந்தப் பாதுகாப்பு விதியையும் மீறாது. மாடல் செக்கர் பிழையில்லை என்று சொல்லும், எழுதியவரும் நம்பிவிடுவார். ஒவ்வொரு செயலும் எத்தனை முறை நிகழ்ந்தது என்ற கணக்கைப் பார்த்தால் இது பிடிபடும். பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். மாடல் மதிப்புகளுக்கு ஒருவித வகை கொடுக்கும் வசதி டிஎல்சியில் இருப்பதே இந்தப் பள்ளத்தை அதன் ஆசிரியர்களும் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

வகைகள் பக்கத்திலும் எல்லாம் சீரில்லை. பிவிஎஸ் என்ற விவரக்குறிப்பு மொழியில் 'பூச்சியமல்லாத எண்' என்பதே ஒரு வகை. வகுத்தலின் கீழெண் அந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டியாக வேண்டும், இது நல்ல கட்டுப்பாடு. ஆனால் இவ்வளவு நுட்பமான வகைகளைத் தானாகத் தீர்மானிக்க முடியாது என்பதால், சரிபார்ப்பி ஒவ்வோர் ஐயத்தையும் நிறுவ வேண்டிய கடமையாக எழுதிப் பயனர் கையில் கொடுத்துவிடுகிறது. நொடியில் பதில் தருவது வகையின் முதல் பலமாக இருந்தது. இங்கே அது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

ஆகவே எளிய, தானாகத் தீர்மானிக்கக்கூடிய வகைகள் விவரக்குறிப்பிலும் வேண்டும், நுட்பமானவற்றை மாறாக் கூற்றுகளிடம் விட்டுவிட வேண்டும் என்பதே என் தேர்வு. டிஎல்ஏ பிளஸ் உலகமும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. குறியீட்டு முறையில் சோதிக்கும் அப்பலாச்சி என்ற கருவி, விவரக்குறிப்பை இசட்3 போன்ற தீர்ப்பான்களின் (தருக்க நிபந்தனைகளுக்குத் தானாகவே விடை தேடும் கருவிகள்) வாய்பாடுகளாக மாற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மாறிக்கும் வகைக் குறிப்பைக் கேட்கிறது. கருவியின் வசதிக்காக வந்த விதிதான் அது. ஆனால் வாக்குகளுக்குச் சமம் என்று தவறாக எழுதிய அந்த வரி, தேடல் தொடங்குவதற்கு முன்பே அங்கே பிடிபட்டுவிடும்.